மலையேறாத கல்லச்சு: ருஷ்ய இளவரசர் சல்திகோவின் படங்களும் திருமலையின் வெற்றிடமும்

1853 ஆகஸ்டில் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையில், இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் எதிர்கால விளைவுகளைப் பற்றிப் பேசும் கார்ல் மார்க்ஸ், ஒரு ருஷ்ய இளவரசரைத் துணைக்கு அழைக்கிறார். இந்திய எளிய மக்களின் நுண்ணறிவை இத்தாலியரோடு ஒப்பிட்டு உயர்த்திச் சொன்ன அவருடைய கருத்தொன்றைப் பிரெஞ்சு மொழியிலேயே எடுத்தாண்டு, மார்க்ஸ் மேலே செல்கிறார். அந்த இளவரசரின் பெயர் அலெக்சேய் திமீத்ரியெவிச் சல்திகோவ். இன்று வரலாற்று மாணவர் பலருக்கு அவர் அந்த ஒற்றை மேற்கோளின் வழியாக மட்டுமே அறிமுகம். அவர் வாழ்ந்த காலத்திலோ, பாரிசிலும் லண்டனிலும் அவரை அறிந்தோர் அவருடைய படங்களால் அறிந்தனர். இந்திய நகரங்களையும் ஊர்வலங்களையும் அரசவைகளையும் நேரில் கண்டு வரைந்து, அவற்றைக் கல்லச்சில், அதாவது லித்தோ முறையில், வெளியிட்டவர் அவர்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டை ஆராய்வோர் இவரைக் கவனிக்க வேறொரு காரணமும் உண்டு. கல்லச்சு நகரக்காட்சிகள் உச்சத்தில் இருந்த காலத்தில், தென்னிந்தியாவின் மிகப் பெரிய யாத்திரைத் தலங்களுள் ஒன்று அந்தக் கலைக்கு எட்டாமல் நின்றது. சல்திகோவ் போன்ற ஒருவரால் லாகூர் அரசரின் வேட்டையை வரைய முடிந்தது. புதுக்கோட்டை அரசரின் ஊர்வலத்தை வரைய முடிந்தது. திருமலைக் கோயிலை வரைய முடியாது. அந்த முடியாமையை விளங்கிக்கொள்ள முதலில் அவருடைய படங்கள் எப்படி உருவாயின என்பதைப் பார்க்க வேண்டும்.

சல்திகோவ் 1806இல் பிறந்தவர். முதலாம் அலெக்சாந்தர் பேரரசருக்கு இளமையில் ஆசானாக இருந்த படைத்தளபதி நிக்கலாய் சல்திகோவின் பேரன். உயர்குடிப் பிள்ளைகளுக்கு வழக்கமாக வாய்க்கும் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, ஐரோப்பியத் தலைநகரங்கள் சிலவற்றிலும் பின்னர் பாரசீகத்திலும் இருந்தார். பணியைத் துறந்து பாரிசில் குடியேறியபின் இருமுறை இந்தியா வந்தார்: 1841 முதல் 1843 வரை ஒரு பயணம், 1844 முதல் 1846 வரை மற்றொன்று. பம்பாய், இலங்கை, சென்னை, கல்கத்தா, காசி, டில்லி, லாகூர் என்று அவர் சுற்றிய பரப்பு பெரிது. நண்பர்கள் அவரை ‘இந்தியர்’ என்றே அழைத்தனராம். 1848இல் பாரிசில் இந்தியாவைப் பற்றிய அவருடைய கடிதங்கள் பிரெஞ்சில் நூலாயின; 1851இல் மாஸ்கோவில் ருஷ்ய மொழியில் வெளிவந்தன. படங்கள் பாரிசில் கல்லச்சாகி, 1850களின் பிற்பகுதியில் ஆங்கிலப் பதிப்பாக லண்டனிலும் வந்தன. 1859இல் அவர் காலமானார். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ‘சோல்திகோஃப்’ என்றே அச்சிடப்பட்டிருப்பதால், நூலகப் பட்டியல்களில் ‘சல்திகோவ்’ என்று மட்டும் தேடுவோர் பாதியைத் தவறவிடுவர்.

முதற்பயணத்தின் காலத்தையும் சற்று நினைவில் வைக்க வேண்டும். ஆப்கானியப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ருஷ்யாவின் நிழல் தம் எல்லை வரை நீள்வதாகக் கம்பெனி அதிகாரிகள் அஞ்சிய காலம். பாரசீகத்தில் ருஷ்யத் தூதரகத்தில் இருந்த ஒருவர் வரைதாளோடு இந்திய நகரங்களில் திரிவதற்குக் கம்பெனியின் இசைவும் விருந்தோம்பலும் தேவைப்பட்டன. படத்தில் இருப்பது எதுவாயினும், அது வரையப்பட்ட இடத்தில் நிற்க ஒருவர் அனுமதித்திருக்கிறார் என்பதே இப்படங்களைப் பற்றிய முதற்செய்தி.

அவர் வளர்ந்த காலத்துப் பீட்டர்ஸ்பர்க்கில் கல்லச்சு நகரக்காட்சி ஒரு புதுமோகமாக இருந்தது. கலைஞர்களை ஊக்குவிக்கும் சங்கம் 1820களில் நகரக் காட்சிகளைத் தொகுதிகளாக வெளியிட்டது. ரீகாவில் பிறந்த கார்ல் பெக்ரோவ் அவற்றின் முதன்மையான கல்லச்சுக் கலைஞருள் ஒருவர். 1830க்கும் 1835க்கும் இடையில் வெளிவந்த நேவ்ஸ்கி பெருவீதியின் நெடும்படம் இன்னும் வியப்பானது. வீதியின் இரு பக்கங்களையும் வீடு வீடாக, கடைப்பலகை எழுத்துகளோடு பதிவு செய்த அந்தச் சுருளின் மொத்த நீளம் ஏறத்தாழ 16 மீட்டர். அதை வரைந்த வசீலி சதோவ்னிக்கவ், இளவரசி நத்தால்யா கலீத்ஸினாவின் பண்ணையடிமை. (புஷ்கினின் ‘இஸ்பேடு ராணி’ கதையில் வரும் கிழவிக்கு மூலமாகச் சொல்லப்படும் பெண்மணி இவர்தாம்.) தலைநகரின் மிகப் பகட்டான வீதியை வரைந்து முடித்தபோதும் சதோவ்னிக்கவ் விடுதலை பெறவில்லை, உடைமைக்காரி இறந்தபின், 1838இல்தான் பெற்றார். ருஷ்யக் கல்லச்சின் வரலாற்றில் இந்தச் செய்தி அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. ஆயினும் அது ஒன்றைத் தெளிவாக்குகிறது: தன் நகரத்தை வரைந்தவன் அடிமை; பிறர் நாட்டை வரையச் சென்றவர் இளவரசர். இருவருக்கும் கருவி ஒன்று, நிற்கும் இடம் வேறு. சதோவ்னிக்கவுக்கு ஒவ்வொரு கடைப்பலகையும் தெரியும், ஏனெனில் நாள்தோறும் நடந்த வீதி அது. சல்திகோவுக்குத் தென்னிந்திய ஊர்கள் கடந்து செல்லும் வழியில் கண்ட காட்சிகள்.

கல்லச்சின் நுட்பத்தை இங்குச் சொல்லியாக வேண்டும். 1790களின் இறுதியில் மியூனிக்கில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டறிந்த முறை இது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் கிடைக்கும் நுண்ணிய சுண்ணாம்புக்கல்லின் மீது கொழுப்பு கலந்த மைக்குச்சியால் வரைவர். பின்னர் சிறிது அமிலம் சேர்த்த கருவேலம்பிசின் கரைசலைப் பூசுவர். வரைந்த இடம் மையை ஏற்கும். வரையாத இடம் நீரை ஏற்று மையைத் தள்ளும். செதுக்குவதோ அரிப்பதோ இல்லை. குச்சியின் மென்மையான தடம்கூட அப்படியே தாளில் இறங்கும். மரச்செதுக்கிலும் செப்புத்தகட்டிலும் வரைபவரின் கோட்டைக் கைவினைஞர் தம் உளியால் மறுபடி எழுத வேண்டும். கல்லில் அந்த இடைத்தரகு இல்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட பெருமை.

சல்திகோவின் விஷயத்தில் அந்தப் பெருமை பொருந்தாது. அவர் இந்தியாவில் வரைந்தது தாளில். கல்லில் ஏற்றியவர்கள் பாரிசில் இருந்த தொழில்முறைக் கலைஞர்கள், அவர்களுள் லூயி ஆன்ரி த ருதேர் குறிப்பிடத்தக்கவர். பயணியின் விரைவான கோட்டில் இல்லாத தசையும் நிழலும் முகபாவமும் கல்லில் சேர்க்கப்பட்டன. கூட்டத்தில் பின்னால் நிற்போரின் முகங்களை யார் உருவாக்கினார்? யானையின் காலடியில் எழும் புழுதியை யார் கண்டார்? இவற்றுக்கெல்லாம் பாரிசின் பட்டறையையே கேட்க வேண்டும். இரண்டாவது கல்லால் இடப்படும் வெளிர்மஞ்சள் சாயல் ஒன்று இக்காலப் படங்களில் பொதுவாகக் காணப்படும். தஞ்சைச் சமவெளியானாலும் பஞ்சாபானாலும் வானம் ஒரே நிறத்தில் மங்கி நிற்பது பெரும்பாலும் அந்தச் சாயக் கல்லின் வேலை. தட்பவெப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கல்லில் வரைந்தது தாளில் இடவலம் மாறி விழும். தேர்ந்த கலைஞர் கல்லிலேயே மாற்றி வரைவார். அல்லது மாற்றுத்தாள் வழியாகப் படத்தைக் கல்லில் இறக்குவார். கவனம் பிசகினால் ஊரே கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். ஐரோப்பிய நகரக்காட்சியில் இதைக் கண்டுபிடிக்கக் கட்டடங்களின் வரிசை போதும். இந்தியக் காட்சிகளில் அதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பூணூல் இடத்தோளிலிருந்து வலப்பக்கம் இறங்குவது வழக்கம். வலத்தோளில் கிடந்தால் நீத்தார் கடன் நடக்கிறது என்று பொருள். கோயில் வாசலில் நிற்கும் அந்தணர் அனைவரும் வலத்தோளில் பூணூல் தரித்திருந்தால், அவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் திதி கொடுக்கிறார்கள் என்று கொள்வதைவிடக் கல்லச்சுக்காரர் மாற்ற மறந்தார் என்று கொள்வதே பொருத்தம். இந்தியக் கல்லச்சுப் படம் எதையும் சான்றாக எடுக்குமுன் மாணவர்கள் செய்யத்தக்க முதற்சோதனை இது. உண்ணும் கை, வாளேந்தும் கை, வீணையின் குடம் இருக்கும் பக்கம் என்று மற்றவை பின்னால் வரும்.

இத்தனை எச்சரிக்கைகளோடும் பார்க்க வேண்டிய படம் புதுக்கோட்டை அரசரின் ஊர்வலம். தமிழகத்தைப் பொறுத்தவரை சல்திகோவின் படங்களுள் அதிகம் புழங்குவது இதுவே. 1839இல் பட்டத்துக்கு வந்த இராமச்சந்திர தொண்டைமான் 1829இல் பிறந்தவர்; ஆகவே ருஷ்ய இளவரசர் இந்தியாவில் இருந்த ஆண்டுகளில் அவர் பதின்ம வயதினர். ஆட்சியின் கடிவாளம் பெரும்பாலும் பிரிட்டிஷ் மேற்பார்வையில் இருந்தது. தென்னிந்தியாவில் பாளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஜமீன்களாகச் சுருங்கியும் அழிந்தும் போனபின், தனியரசாக எஞ்சியது புதுக்கோட்டை. அந்த அரசைப் பற்றி நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் எழுதிய நூல், காலனிய ஆட்சியில் முடி உள்ளீடற்றுப் போனதை விரிவாகப் பேசுகிறது: அதிகாரம் அகன்றபின் சடங்கும் மரியாதையும் பட்டங்களும் ஊர்வலங்களும் எஞ்சி நின்றன; சில இடங்களில் முன்னைவிடப் பெருகவும் செய்தன.

இந்த இடத்தில் படமும் ஆய்வும் ஒன்றையொன்று தொடுகின்றன. சல்திகோவ் கண்டதும் விரும்பியதும் ஊர்வலமே. நில மானியக் கணக்கும், இனாம் பிணக்கும், ரெசிடெண்டின் கடிதப் போக்குவரத்தும் வரைதாளில் அகப்படுபவை அல்ல. ஆனால் கல்லச்சுப் படத்தை வாங்கிய பாரிஸ் வாசகர் அந்த ஊர்வலத்தைக் கண்டு என்ன எண்ணியிருப்பார்? கீழைநாட்டு அரசன் ஒருவனின் குறைவற்ற அதிகாரம் என்றே எண்ணியிருப்பார். படத்தின் கவர்ச்சியே அதன் பொய்யாகிறது. இதற்காக ஓவியரைக் குறைகூறுவது எளிது. அது அவ்வளவு நியாயமும் அன்று. கம்பெனி விட்டுவைத்த ஒன்றை அவர் பார்த்தார், பார்த்ததை வரைந்தார். விட்டுவைக்கப்பட்டது எது, ஏன் என்பதை அறிய வேறு ஆவணங்கள் வேண்டும்.

கல்லச்சுக் கலை ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1820களின் தொடக்கத்திலேயே கல்கத்தாவில் கல்லச்சுப் பணி ஆரம்பமாகிவிட்டது. சென்னையில், ஆஸ்திரிய வழிவந்தவரும் கம்பெனியின் வரைவாளரும் கட்டடக் கலைஞருமான ஜான் கான்ட்ஸ், தம் மகன் ஜஸ்டினியனோடு சேர்ந்து கல்லச்சுக்கூடம் ஒன்றை நடத்தினார். தென்னிந்தியத் தொழில்களையும் மக்களையும் காட்டும் அவர்களுடைய படத்தொகுதி 1827இல் சென்னையில் வெளிவந்தது. சல்திகோவ் சென்னைக் கடற்கரையில் இறங்குவதற்குப் பத்தாண்டுக்கும் மேலாக முன்பே இங்குக் கல் இருந்தது. அதில் வரையத் தெரிந்த கையும் இருந்தது. திருப்பதி அங்கிருந்து சில நாள் பயணம். ஆகவே திருமலைக்கு நேரிற்கண்ட கல்லச்சுக்காட்சி அமையாததற்குத் தொழில்நுட்பக் குறைவு காரணமாகாது.

காரணம் மலையின் விதி. இந்துக்கள் அல்லாதார் அடிவாரத்தைத் தாண்டி ஏறலாகாது என்பது நெடுநாள் வழக்கம். 1801இல் கர்நாடக நவாபிடமிருந்து நாடு முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தபோது கோயிலின் நிர்வாகமும் சேர்ந்து வந்தது. வட ஆர்க்காடு கலெக்டர் சித்தூரில் இருந்தபடி திருமலையின் வரவு செலவை மேற்பார்வையிட்டார். 1803இல் கலெக்டர் ஸ்ட்ராட்டன் காலத்தில் தொகுக்கப்பட்ட ‘சவாலே ஜவாப்’ என்ற கேள்வி-பதில் ஆவணம் கோயிலின் பூசைகள், கட்டளைகள், ஊழியர் உரிமைகள், வருவாய் வழிகள் அனைத்தையும் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தது. 1821இல் புரூஸ் விதிகள் நிர்வாகத்துக்குச் சட்டக்கோப்பைத் தந்தன. இந்த நாற்பதாண்டுகளில் கம்பெனிக்குத் தெரியாத கணக்கு திருமலையில் குறைவு. உண்டியலில் விழுந்தது, பிரசாதத்துக்கு ஆனது, யாருக்கு எந்தப் பங்கு என்பது வரை தெரியும். ஆனால் கணக்கை வாங்கிய கலெக்டர் ஆனந்த நிலையத்தின் விமானத்தைக் கண்டதில்லை.

காலனிய அறிவைப் பற்றிய பொதுவான பேச்சில் கண்ணுக்குத் தரப்படும் இடம் பெரிது: அளந்து, வரைபடமாக்கி, ஓவியமாக்கி, அதன்வழி ஆண்டனர் என்பது பாடமாகிவிட்டது. சித்தூர் கச்சேரி அந்தப் பாடத்துக்கு இணங்கவில்லை. அங்கே கேள்வி இருந்தது, பதில் இருந்தது, கணக்கு இருந்தது, காட்சி இல்லை. பார்க்காமலே ஆளமுடிந்தது. கேட்பவரும் சொல்பவரும் எழுதுபவரும் இருந்தால் போதும் என்ற இந்த நிர்வாகத்தில், சொல்பவராகிய கோயில் அதிகாரிகளுக்கும் பரிசாரகர்களுக்கும் இருந்த செல்வாக்கைத் தனியே ஆராய இடமுண்டு. மேலே என்ன இருக்கிறது என்பதைச் சரிபார்க்கக் கலெக்டருக்கு அவர்களை விட்டால் வேறு வழியில்லை.

அடிவாரத்தில் நிலைமை வேறு. கீழ்த்திருப்பதியின் வீதியில் நின்று கோவிந்தராசர் கோயிலின் கோபுரத்தை எவரும் பார்க்கலாம். அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டையும் ராஜமகாலும் விஜயநகர அரசின் கடைசிக் காலத்தின் எச்சங்களாகத் திறந்து கிடந்தன. அங்கு வரையவோ பின்னாளில் புகைப்படம் எடுக்கவோ தடை இல்லை. சென்னை நகரத்தின் தோற்றத்தோடு சந்திரகிரி அரசருக்கு இருந்த தொடர்பு ஆங்கிலேயரின் ஆர்வத்தைக் கூட்டியது. இவ்வாறு ஒரே தாலுகாவுக்குள் கைவிடப்பட்ட அரண்மனை கண்ணுக்கு எளிதாயிற்று. நாள்தோறும் மக்கள் நிறைந்த கோயில் எட்டாதிருந்தது. நகரக்காட்சிக் கலைக்கு இடிபாடுகள் மீதிருந்த மோகம் புகழ்பெற்றது. அந்த மோகத்தைக் கலைஞரின் கற்பனை நாட்டத்தோடு மட்டும் முடிச்சுப் போடாமல், எங்கே நிற்க விட்டார்கள் என்ற கேள்வியோடும் சேர்த்துப் பார்த்தால் சில படத்தொகுதிகளின் அமைப்பு வேறுவிதமாக விளங்கும்.

சல்திகோவின் இரு பயணங்களுக்கும் இடையில், 1843இல், கம்பெனி திருமலையை விட்டு விலகியது. கிறித்தவ அரசு ஒன்று உருவ வழிபாட்டை நிர்வகிப்பதா என்று இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பின் விளைவு அது. பொறுப்பு ஹாதிராம்ஜி மடத்தின் மகந்து சேவாதாசிடம் சென்றது. 1933இல் தேவஸ்தானக் குழு வரும்வரை மகந்துகளின் காலமே. கம்பெனி விலகியபின் சித்தூருக்கு வந்துகொண்டிருந்த கணக்கோட்டமும் மெலிந்தது. மேலேறும் வழி முன்னரே இல்லை. இப்போது கீழே இறங்கும் தாள்களும் குறைந்தன.

தன்னைப் பார்க்க வெளியாரின் கண் தேவைப்படாத மலை அது என்பதையும் மறக்கலாகாது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் கூறும் உலகின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்லும்போது, அது ஓர் எல்லைக்கல்லாகவே கண்முன் நிற்கிறது. ஆழ்வார்களின் பாசுரங்களில் அருவியும் மூங்கிலும் யானையும் மேகமுமாக வேங்கடம் விரிகிறது. கோயிலின் உள்ளே கிருட்டிணதேவராயர் தம் தேவியர் திருமலாதேவி, சின்னாதேவி இருவரோடும் கைகூப்பி நிற்கும் செப்புப் படிமங்கள் இருக்கின்றன. தென்னிந்திய உருவச்சிலைக் கலையில் அவற்றுக்கு நிகரானவை சிலவே. பதினாறாம் நூற்றாண்டின் அரசர் ஒருவர் எப்படி இருந்தார் என்பதற்கு ஐரோப்பிய ஓவியர் எவரும் தராத சான்று, ஐரோப்பியர் எவரும் ஏறாத மலையில் இருந்தது. கோயிற் சுவர்களின் கல்வெட்டுகள் 1930களில் தேவஸ்தான வெளியீடுகளாகத் தொகுதி தொகுதியாக அச்சேறின. கல்லில் எழுத்து இருந்தது. அச்சிடும் கல்தான் அங்குப் போகவில்லை.

யாத்திரிகர் கையில் கீழிறங்கிய உருவங்களும் உண்டு. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சிகள், வண்ணம் தீட்டிய சிறு மரக்கோயில்கள் ஆகியவை திருப்பதியின் கைவேலையாகப் பெயர் பெற்றவை. சற்றுத் தொலைவில் காளத்தியில் துணியில் எழுதுகோலால் கதைகளை எழுதும் கலம்காரி நடந்தது. இவற்றில் எதுவும் நகரக்காட்சி அன்று. தொலைவில் ஓரிடத்தில் நின்று, ஊரை ஒரு சட்டத்துக்குள் அடக்கிப் பார்க்கும் கண்ணை அவை கேட்கவில்லை. அந்த மரக்கோயிலின் கதவைத் திறந்தால் தெய்வம் பார்ப்பவரை நேர்முகமாக நோக்கும். பீட்டர்ஸ்பர்க் நெடும்படத்தில் வீடுகள் யாரையும் பார்ப்பதில்லை.

சல்திகோவ் இறந்து பதினோராண்டுகளுக்குப் பின், 1870இல், வட ஆர்க்காடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தப்பியோடிய குற்றவாளி ஒருவரைத் தேடித் திருமலை ஏறினார் என்றும், அதற்குமுன் ஐரோப்பியர் எவரும் ஏறியதில்லை என்றும் கெஸட்டியர்கள் பதிவு செய்கின்றன. மலையில் இருந்தோரின் எதிர்ப்பை மீறியே அந்த ஏற்றம் நடந்தது. அந்தப் பதிவில் கலையார்வமோ யாத்திரையோ தொல்பொருள் ஆய்வோ இல்லை. சட்டத்தின் துரத்தல் மட்டுமே இருக்கிறது. வழி ஒருவாறு திறந்தபோது கல்லச்சு நகரக்காட்சியின் காலமும் கழிந்திருந்தது. 1858இலேயே லினேயஸ் டிரைப் மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களின் புகைப்படங்களைச் சென்னையிலிருந்து வெளியிட்டுவிட்டார். பயணிகளின் தோளில் இப்போது இருந்தது கேமராப் பெட்டி.

கல்லச்சு மறைந்துவிடவில்லை, தொழிலை மாற்றிக்கொண்டது. 1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் ஜெர்மனியிலிருந்து எந்திரங்களையும் தொழில்நுட்பம் அறிந்தவர்களையும் வரவழைத்து, பல கற்களில் பல வண்ணங்களாகத் தெய்வப்படங்களை அச்சிட்டது. அதன்பின் வந்த அச்சகங்களும் சிவகாசி நாட்காட்டிகளும் அந்த வழியை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றன. பவேரியக் கல்லும் கொழுப்பு மையும் சல்திகோவின் ஊர்வலங்களைப் பாரிஸ் நூலக மேசைகளில் விரித்துவைத்தன. அதே நுட்பத்தின் வழிவந்த வேங்கடவன் படங்கள், மலையேறிய யாத்திரிகர் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அமர்ந்தன. அந்தக் கண்ணாடியின் மேல் வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் இடப்பட்டன.